மச்சினன் வெளுத்துவிட்ட நாலு வரி

அன்பும் அறிவும் அளவுக்கு மீறி வாய்த்த என் அக்கா மகளுக்கு, இரண்டு பெரிய இயந்திரங்களைக் கட்டி ஆளும் சலவைக்கடைச் சக்கரவர்த்தியும் (அவற்றில் ஒன்று ஓடுவதாகச் சத்தம் மட்டும் போடும்) உன் ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. வாய்க்கு என்றைக்குமே வலி வந்ததில்லை. அங்கே நீயும் உன் கம்ப்யூட்டரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி நான் எழுதப்போவதை இந்த உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது என்று சத்தியம் செய்கிறேன். நீயும் நம்ப வேண்டாம். ஆனால் முடிவில் உன்னிடம் ஒன்று கேட்க இருப்பதால், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உன் அத்தையின் தம்பி, என் கடைக்குப் பாதிப் பங்காளி, அந்த மகானை உனக்குத் தெரியும். "சிஸ்டத்துல பார்த்துட்டு சொல்றேன்" என்று எதற்கெடுத்தாலும் சொல்லிச் சொல்லியே தெருவில் அவனுக்கு 'சிஸ்டம்' என்று பெயர் விழுந்துவிட்டது. போன மாதம் அவன் கடைக்குள் ஓடிவந்து, "அத்தான், இனிமே யார் துணியும் யாருக்கும் மாறாது, நான் ஒரு சாஃப்ட்வேர் எழுதிட்டேன்" என்றான். டீ குடிக்கப் போனவன் டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டானாம். துணிக்குத் துணி சீட்டு அடித்து, எண் போட்டு, யாருடையது என்று அது பிரித்துச் சொல்லியது. நான் மிரண்டுபோனேன். பிறகுதான் தெரிந்தது, ஓப்பன் சோர்ஸ் என்று இணையத்தில் யாரோ நல்ல மனதோடு திறந்து வைத்திருந்ததை இவன் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதில் தப்பில்லை. அதன் தலைப்பில் நாலு வரி இருந்திருக்கிறது. இதை எழுதியவர் இன்னார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். என் பெயரையும் இந்த வரிகளையும் மட்டும் ஒவ்வொரு பிரதியிலும் அப்படியே விட்டுவையுங்கள். இது சரியாக ஓடும் என்று நான் எந்த உத்தரவாதமும் தரவில்லை. இவ்வளவுதான். நம் ஆள் பெயர் யாருடையது என்றுகூடப் பார்க்காமல் அந்த நாலு வரியையும் வெளுத்துத் தள்ளிவிட்டான்.

"ஏண்டா?" என்று கேட்டேன்.

"சும்மா இடத்தை அடைச்சிக்கிட்டு இருந்துச்சு அத்தான். அதை எடுத்தாலும் புரோகிராம் ஓடுது."

"கடைப் பலகையைக் கழட்டினாலும்தான் கடை ஓடும். உன்னைக் கழட்டினா இன்னும் நல்லா ஓடும்."

அழித்ததோடு விட்டானா? அந்த இடத்தில் 'ஆக்கம், சிந்தனை, முழுப் பொறுப்பு: சிஸ்டம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே 'வாழ்நாள் உத்தரவாதம்' என்றும் சேர்த்தான். பொறுப்பில்லை என்று எழுதியிருந்த ஒரே வரியைத் தூக்கிவிட்டு, ஊர்ப் பொறுப்பையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்ட ஆளை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? அதற்குப் பிறகு அழகுபடுத்துகிறேன் என்று உள்ளேயும் கை வைத்தான். மறுநாளே ஒரு வக்கீலின் கறுப்பு அங்கி மேடை மந்திரவாதியிடமும், மந்திரவாதியின் அங்கி வக்கீலிடமும் போய்ச் சேர்ந்தன. வக்கீல் வாதாடும் வேகத்தில் மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை உருவ, அது வந்தது, வந்துகொண்டே இருந்தது, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நீதிமன்ற வாசல்வரை நீண்டது, கடைசியில் ஒரு புறா பறந்துபோய் நீதிபதியின் மேஜையில் உட்கார்ந்தது. வக்கீல் தோற்றார், புறா ஜெயித்தது. அந்தப் பக்கம் மந்திரவாதி பெண்ணை இரண்டாக அறுக்கும் முன் அங்கியின் பையிலிருந்து தடையுத்தரவு விழுந்து, வேடிக்கை நடுவிலேயே நின்றுபோனது. இருவரும் கடைக்கு வந்து "வாழ்நாள் உத்தரவாதம்னு போட்டிருக்கே, யாரோட வாழ்நாள்?" என்று மச்சினனை உற்றுப் பார்த்தார்கள்.

இந்த லட்சணத்தில்தான் பெரிய ஓட்டல் ஒன்றின் மொத்தச் சலவையும் எங்களுக்கு வருவதாக இருந்தது. அது வந்தால் சத்தம் மட்டும் போடும் இயந்திரத்தை மாற்றலாம். வராவிட்டால் இஸ்திரி போடும் இருவரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஓட்டலிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். கடையைப் பார்த்தார், சோப்பை முகர்ந்தார், பிறகு "இந்த சாஃப்ட்வேரை எழுதினது யாரு?" என்றார். மச்சினன் நெஞ்சை நிமிர்த்தியதில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துக் கூரையில் பட்டது. அந்த அம்மா திரையை மேலும் கீழும் உருட்டி, நடுவில் இருந்த ஒரு குறிப்பை வாய்விட்டுப் படித்தார்.

"'ஒற்றை சாக்ஸ் வந்தால் இங்கே நிறுத்தி வை. பதறாதே. மற்றதை என் தாய்மாமன் போட்டுக்கொண்டு வெளியே போயிருப்பார். சாயங்காலம் வந்துவிடும்.' இது நீங்க எழுதினதா சார்?"

"ஆமாம்மா, நானேதான்."

"உங்க தாய்மாமன் எங்கே இருக்கார்?"

"சிஸ்டத்துல பார்த்துட்டு சொல்றேன்" என்றான் மச்சினன். என் மாமியாரோடு பிறந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். இவனுக்குத் தாய்மாமன் என்ற பிராணியே கிடையாது. அந்த அம்மாவின் பார்வை மெதுவாக இறங்கி, பக்கத்தில் நின்ற என் கால்களில் வந்து நின்றது. வலது காலில் நீலக் கோடு, இடது காலில் பூப்போட்டது. எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. கல்லூரி விடுமுறையில் என் கடை மூலையில் உட்கார்ந்து நீ எதையோ தட்டிக்கொண்டிருந்தாயே, "வேணுமா மாமா?" என்று கேட்டாயே, "என் மூளையே கம்ப்யூட்டர், போம்மா" என்று நான் விரட்டினேனே, அதேதான் இது! ஊரெல்லாம் தேடி மச்சினன் திருடிக்கொண்டு வந்தது நம் வீட்டுச் சரக்கை. உலகம் முழுக்க என் காலைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறது. அழித்த நாலு வரி உட்பட எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் கொட்டிவிட்டேன்.

"எடுத்துக்கிட்டது தப்பே இல்லைங்க" என்றார் அந்த அம்மா. "எடுத்துக்கத்தான் அந்தப் பொண்ணு வச்சிருக்கு. பதிலுக்குக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, பேரை அழிக்காதீங்கன்னு. அதையே செய்யாதவங்க என் பெட்ஷீட்டை மட்டும் ஒழுங்கா திருப்பிக் குடுப்பீங்களா? வெள்ளிக்கிழமை வர்றேன். அதுக்குள்ள சரியா இருக்கணும்."

அவ்வளவுதான், மச்சினனுக்கு ஞானோதயம் ஆகிவிட்டது. ஞானம் அவனுக்கு அளவாக வராது. 'ஒவ்வொரு பிரதியிலும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, உன் லைசென்ஸ் வரிகளை ஒவ்வொரு துணிச்சீட்டிலும் அடிக்க ஆரம்பித்தான். கைக்குட்டைக்கு வேட்டி நீளத்துக்குச் சீட்டு. சாக்ஸுக்கு வால் முளைத்தது. ஒரு வாடிக்கையாளர் தன் பனியனோடு வந்த சீட்டை வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்துத் தலைமறைவாகிவிட்டார். தெருநாய்கள்கூட எங்கள் கடை வாசலில் நின்று படித்துவிட்டுத்தான் போகின்றன.

ஆகவே, அருமை மருமகளே, வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. அந்த வரிகளை எந்த இடத்தில் வைத்தால் உனக்குச் சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுது. அப்படியே மச்சினனை மன்னித்துவிட்டதாகவும் இரண்டு வார்த்தை எழுது. அவன் சோப்புப் பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிடாமல் இருக்கிறான், அதாவது இரண்டாம் முறை சாப்பிடாமல். நீ எழுதும் ஒவ்வொரு வரியும் பிழையில்லாமல் ஓடட்டும், கூடவே உன் பெயரும் ஓடட்டும், உன் துணி உன்னிடமே திரும்பி வரட்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமா.

பின்குறிப்பு: இதையெல்லாம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. ஓட்டலும் இல்லை, அதிகாரி அம்மாவும் இல்லை, மந்திரவாதி, வக்கீல், புறா மூன்றும் என் சொந்தத் தயாரிப்பு, எவரிடமிருந்தும் எடுத்தது இல்லை. கூட்டமில்லாத ஒரு மத்தியானம், நானும் மச்சினனும் சும்மா திரையை உருட்டியபோது சாக்ஸ் வரி கண்ணில் பட்டது. அவன் இணையத்தில் தேடிப் பிடித்து, அழித்த நாலு வரியையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தான். பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்திருந்த பிரதிகளிலும் நடந்துபோய் வைத்துவிட்டு வந்தான். இந்தக் கடிதத்தில் அது ஒன்றுதான் நிஜம். எங்களை யாரும் பிடிக்கவில்லை, கேட்கவும் ஒருத்தரும் வரவில்லை.