குழம்பான பிறகு குட்டி போட்ட ஆடு

ஆமத்தூரிலிருந்து சிவகாசி வரைக்கும், மைக்செட்டு அக்காவுக்குத் தெரிந்து ஊருக்குத் தெரியாத ரகசியம் என்று ஒன்றுகூட இருந்ததில்லை. அவளுடைய நிஜப் பெயரை ரேஷன் கார்டில்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் காலண்டர் கம்பெனி வேனுக்கு ஹாரன் தேவைப்படவில்லை. அவள் ஏறி, "ஏலே, வண்டிய எடுலே!" என்றால் அடுத்த ஊரில் நிற்கிறவர்கள் தூக்குவாளியோடு தயாராகிவிடுவார்கள். அவள் கிசுகிசுத்தால் இன்னும் ஆபத்து. ஒருமுறை என் காதருகே குனிந்து, "சூப்பர்வைசரு தலைக்கு மை அடிச்சிருக்காரு, யாருட்டயும் சொல்லிராத" என்றாள். ஓடுகிற கட்டிங் மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்ற சூப்பர்வைசரின் கை தானாகத் தலைக்குப் போனது.

நான் நேர் எதிர். பஸ்ஸில் என் இடம் வந்தாலும் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தவள். கம்பெனியில் இரண்டு பேருக்கும் ஒரே மேஜை, ஒரே வேலை. தினசரி காலண்டர் தாள்களைத் தேதி வரிசையாக அடுக்க வேண்டும். அக்கா கதை பேசிக்கொண்டே அடுக்குவாள். கண் எங்கேயோ இருக்கும், விரல் தேதி தப்பாது.

அச்சு சரியாக விழாத தாள்களைக் கழித்துப் போடுவார்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் நான் கதை எழுதுவேன். மறுநாளே அடுப்பில் போட்டுவிடுவேன். அஞ்சாம் வகுப்புக்காரி கதை எழுதுகிறாள் என்று தெரிந்தால் சிரிப்பார்களே! ஒரு கதையை மட்டும் எரிக்க மனம் வரவில்லை. ராக்கு என்றொருத்தி ஆடு வளர்க்கிறாள். அது குட்டி போடுகிறது, காணாமல் போகிறது, திரும்பக் கிடைக்கிறது. கடைசியில் மகள் கல்யாண விருந்துக்கு அதையே அறுக்க வேண்டி வருகிறது.

ஒருநாள் காலை வேன் பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் என் பை சாய்ந்து, கதைத் தாள்கள் சிதறின. அக்கா பொறுக்கினாள். பொறுக்கிய கையோடு அடுக்கினாள். அடுக்கிய கையோடு வாசிக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, குடுங்கக்கா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

குழம்பு கொதித்து, ராக்கு முந்தானையால் முகத்தை மூடுகிற கடைசித் தாள் முதலில் வந்தது. அடுத்த தாளில் ஆடு காணாமல் போனது. அதற்கடுத்த தாளில் இரண்டு குட்டி போட்டது.

"ஏக்கா, கொளம்பாப் போன ஆடு எப்படிக்கா குட்டி போடும்?" என்று கேட்டாள் முன்சீட்டில் இருந்த ஒருத்தி.

"சட்டிக்குள்ளயே போட்டிருக்கும்!" என்றாள் பின்சீட்டுக்காரி. வேனே குலுங்கியது.

அக்கா தாள்களைத் திருப்பிப் பார்த்தாள். "அம்புட்டும் சரியாத்தான இருக்கு! ஜனவரி, மார்ச்சு, ஜூனு..."

முன்பக்கத் தேதிப்படி அடுக்கியிருக்கிறாள் மகராசி! பக்க எண் போட எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். ராக்குவைப் பார்த்துச் சிரித்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்க!"

டிரைவர் பயந்துபோய் பிரேக்கை மிதித்தார்.

"வண்டிய இல்ல தம்பி, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு, தாள்களைப் பிடுங்கி, என் வரிசைக்கு மாற்றி, நானே வாசித்தேன். முதல் தாளில் குரல் நடுங்கியது. ஆட்டைத் தேடிக் கண்மாய்க்கரையில் ராக்கு அலையும்போது, நடுங்கவேண்டும் என்பதே மறந்துவிட்டது. குழம்பு கொதிக்கிறபோது வேனில் ஒரு வளையல் சத்தம் இல்லை. பின்சீட்டுக்காரி மூக்கை உறிஞ்சினாள். கம்பெனி வாசலைத் தாண்டி வண்டி எங்கேயோ போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை.

"ஏன் இம்புட்டு லேட்டு?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆடு செத்துப்போச்சுங்க" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இப்போது பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன், பக்க எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டு. அனுப்புவதற்கு முன்னால், அச்சங்குளத்தில் மகள் வீட்டில் இருக்கிற அக்காவிடம் போய் வாசித்துக் காட்டுவேன். அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. "கேக்கல தாயி, இன்னும் சத்தமா வாசி" என்கிறாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள். கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் தலை அசைகிற வரைக்கும் குரலை ஏற்றிக்கொண்டே போகிறேன்.