வெர்லா ரத்து செய்தாள்

இரண்டு தொகையும் ஒன்றாகவே இருந்தன.

லீலண்ட் ஓடெகார்ட் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்று, அவருடைய ஓய்வுக்கால நிதியில் இன்றைக்கு இருக்கும் பணம். சந்தை விழும் என்று தோன்றும்போது பங்கு நிதியிலிருந்து கடன்பத்திர நிதிக்கு மாற்றி, எழும் என்று தோன்றும்போது திரும்பக் கொண்டுவந்து, பதினான்கு வருஷம் பாடுபட்டு வளர்த்த பணம். இன்னொன்று, எதையுமே தொடாமல் பங்கு நிதியில் அப்படியே போட்டு வைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்டது. தன் சாமர்த்தியம் எவ்வளவு முந்தியிருக்கிறது என்று பார்க்கத்தான் போட்டார்.

கடைசி சென்ட் வரை இரண்டும் ஒன்று.

மைனாட் ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் பனிவாரும் வண்டிகள் எப்போது கிளம்ப வேண்டும் என்று முடிவெடுப்பது அவர் வேலை. இருபத்தாறு குளிர்காலத்தில் ஒரே ஒரு தடவைதான் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறார். பனி விழும் நேரம் தெரிந்தவனுக்குப் பங்கு விழும் நேரம் தெரியாதா என்பது அவர் கட்சி. வசந்தத்தில் ஓய்வு பெறுவதற்குள் அதை அலுவலகத்தில் நிரூபித்துவிட வேண்டும் என்றிருந்தார்.

"ஆர்டிஸ், ரெண்டும் ஒண்ணா இருக்கு" என்றார், தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்து.

ஆர்டிஸ் லொக்கன் பத்தொன்பது வருஷமாக அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள், லீலண்டின் மனைவி வெர்லாவுக்கு நெருங்கிய தோழி. "நல்லதுதானே. நஷ்டம் இல்லையே."

"நீ நேரா ஃபார்கோ ஊருக்குப் போற. நான் ஊரெல்லாம் சுத்திக்கிட்டுப் போறேன். ரெண்டு வண்டியும் ஒரே மைல் காட்டுமா?"

"நீ கணக்குல வீக்குன்னு வெர்லாவே சொல்லுவா" என்று ஆர்டிஸ் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

லீலண்ட் நிதி அலுவலகத்துக்கு போன் போட்டார். வண்டிகளின் இரைச்சலில் பாதிக் காது போனவர். போனில் பேசினால் கட்டடம் முழுக்கக் கேட்கும். எடுத்த பெண் பெயர் யொலாண்டா.

"செப்டம்பர்ல எல்லாத்தையும் பத்திரத்துக்கு மாத்தச் சொன்னேனே, அது எத்தனை மணிக்கு மாறிச்சு?"

"மாறலையே சார். மூணு மணிக்குச் சந்தை மூடுறதுக்குள்ள சொன்னா ரத்து பண்ணிக்கலாம். பதினொண்ணு நாப்பதுக்கு ரத்தாகியிருக்கு."

"யாரு ரத்து பண்ணினது?"

"உங்க மனைவி சார். அவங்களுக்கும் அதிகாரம் கொடுத்து வச்சிருக்கீங்களே."

லீலண்டுக்கு மூச்சு வந்தது. சரி, பழைய சமாசாரம். "எந்த வருஷத்து செப்டம்பரைப் பார்க்கறம்மா?"

"போன மாசம் சார்."

வெர்லா இறந்தது பிப்ரவரியில். தரை கல்லாக உறைந்து கிடந்ததால் ஏப்ரல் வரை அவளைக் காக்க வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள்.

"சார்? இருக்கீங்களா?"

"இருக்கேன். மொத்தம் எத்தனை தடவை ரத்து ஆகியிருக்கு?"

விசைகள் தட்டும் சத்தம். "நீங்க அறுபத்தொரு தடவை மாத்தச் சொல்லியிருக்கீங்க. அறுபத்தொண்ணையும் அம்மா ரத்து பண்ணிட்டாங்க."

வீட்டுக்கு வரும் தபாலைப் பிரித்து, மொத்தத் தொகையை மட்டும் வாசித்துக் காட்டி, "கெட்டிக்காரன்தான் நீ" என்று கோப்பில் செருகி வைத்தவள் வெர்லா. ஏன் என்று இப்போது புரிந்தது. ஐம்பத்தாறு தடவைக்கு அந்த விளக்கம் போதும். மிச்சம் ஐந்தும் கல்லறைக்குப் போன பிறகு.

அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. பெயரை நீக்கும் படிவம் ஏப்ரலிலிருந்து மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

"சரி. எல்லாத்தையும் இன்னிக்கே பத்திரத்துக்கு மாத்து" என்றார்.

மதியம் பன்னிரண்டுக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

"ரத்து சார். பதினொண்ணு நாப்பது."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். "குரல் எப்படி இருந்துச்சு?"

"சளி பிடிச்ச மாதிரி கரகரன்னு."

இரண்டு மாசம் குளிர்க் கிடங்கில் கிடந்தவளுக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும் என்று ஒரு கணம் நினைத்து, அப்படி நினைத்ததற்காகவே பயந்தார்.

போனில் ஆளை அடையாளம் காணக் கேட்கும் ரகசியச் சொல்லை மாற்றிப் பார்க்கலாம் என்று அடுத்த நாள் முயன்றார். "உங்க சொல்லை மாத்தறேன் சார். அம்மாவோட சொல்லை அம்மாதான் போன் பண்ணி மாத்தணும்" என்றாள் யொலாண்டா. "எப்படியும் கூப்பிடுவாங்க. வந்தா சொல்லவா?"

"வேண்டாம்!" என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து, ஆர்டிஸ் உட்பட எல்லோரும் தேவாலயக் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்கையில், அவர் மட்டும் பின்பக்கக் கல்லறைக்குப் போனார். முதல் பனி விழுந்திருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏண்டி, பிடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாமே. பதினாலு வருஷம் என்னைக் கெட்டிக்காரன்னு நம்ப வச்சியே."

கல்லைச் சுற்றிப் பனியில் காலடித் தடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. இருக்கவும் கூடாதுதான், ஆனாலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டே வந்தார்.

மறுநாள் யொலாண்டா சொன்னாள்: "அம்மா ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க சார். குளிர்ல வெறுந்தலையோட நிக்காதேன்னு."

லீலண்ட் மெல்ல எழுந்துபோய்த் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று முழுக்க அலுவலகத்துக்குள்ளேயே தொப்பியோடு இருந்தார். ஆர்டிஸ் அவர் பக்கம் பார்க்காமல் கோப்புகளை அடுக்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சந்தை உத்தி என்று சொல்ல முடியாது. பங்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவர் பார்ப்பதையே விட்டுவிட்டார். காலையில் ஒன்பது மணிக்குப் போனை எடுப்பார். "எல்லாத்தையும் வெளிநாட்டு நிதிக்கு மாத்து" என்பார். "பாதியை எடுத்துச் சின்னக் கம்பெனிகள்ல போடு" என்பார். வாயில் வந்ததைச் சொல்வார். பிறகு பன்னிரண்டு மணிக்காகக் காத்திருப்பார்.

"ரத்து சார்."

"ஏதாவது சொன்னாளா?"

"டப்பா சூப்பையே குடிச்சுக்கிட்டு இருக்க வேண்டாமாம்."

கையிலிருந்த கரண்டியை லீலண்ட் பார்த்தார். கரண்டிக்குக் கீழே டப்பா. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுத்த நாள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு அவரே ஒரு பாத்திரம் நிறையச் சமைத்து எடுத்து வந்தார். அடி கருகியிருந்தது. அதையும் சாப்பிட்டார்.

முகம் தெளிந்தது. சட்டை துவைக்கப்பட்டது. சில மாசத்துக்கு ஒன்று என்றிருந்த மாற்றம் வாரத்துக்கு ஒன்றாகி, டிசம்பரில் வாரத்துக்கு மூன்றாகியது.

"ஆர்டிஸ், நான் சொன்னா சிரிப்பே. வெர்லா என்கூடப் பேசறா."

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், "ரொம்பத் தொந்தரவு பண்ணாதே அவளை" என்றாள்.

அதே வாரம் யொலாண்டாவும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், அம்மா கொஞ்சம் களைப்பாத் தெரியறாங்க. வாரத்துக்கு ஒரு தடவை போதாதான்னு கேக்கச் சொன்னாங்க."

போன இடத்திலும் அவளை நிம்மதியாக இருக்க விடவில்லையே என்று லீலண்ட் தன்னையே திட்டிக்கொண்டார். இரண்டு வாரம் போனைத் தொடாமல் இருந்தார். மூன்றாவது வாரம் முடியவில்லை.

அது ஜனவரிப் புயல் அன்று. எதிரே இருக்கும் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. பதினொரு வண்டிகளையும் விடியும் முன்பே கிளப்பிவிட்டு, ஒன்பதுக்குப் போன் செய்து எல்லாப் பணத்தையும் பத்திரத்துக்கு மாற்றச் சொன்னார். பிறகு ரேடியோ விடாமல் அலறியது. ஆர்டிஸும் அவரும் ஆளுக்கொரு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பத்து மணியிலிருந்து ஏழாம் நம்பர் வண்டி, அதாவது அதை ஓட்டும் டுவேன் ஸ்லெட்டன், பதில் சொல்லவே இல்லை. நாலு மணிக்கு மேல்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

அதற்குள் லீலண்ட் போன் செய்திருந்தார்.

"இன்னிக்கு அம்மா கூப்பிடல சார்" என்றாள் யொலாண்டா. "மாறிடுச்சு."

மறுநாள் சந்தை அந்த வருஷத்திலேயே இல்லாத ஏற்றம் ஏறியது. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவர் உத்தி நடைமுறைக்கு வந்த ஒரே நாளில் ஒரு நல்ல வண்டி வாங்கும் பணம் கைவிட்டுப் போயிற்று. ஆர்டிஸ் அதைத்தான் பயந்துபயந்து கேட்டாள். லீலண்ட் கையை ஆட்டினார்.

"பணம் போகட்டும். அவ வரலை, ஆர்டிஸ். நான்தான் துரத்திட்டேன்."

இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தார். வெர்லா ஓடெகார்ட் என்று எழுதினார். இறந்த தேதிக்கான கட்டத்தில் பேனா நின்றது. பேனா நழுவி மேஜைக்கு அடியில் உருண்டது. அவர் குனிந்தார்.

"லீலண்ட், கொஞ்சம் பொறு, அதை எழுதாதே" என்று ஆர்டிஸ் எழுந்தாள்.

அப்போது கதவு படாரென்று திறந்து, ஆறடி மூன்று அங்குல டுவேன், தாடியெல்லாம் பனியாக உள்ளே வந்தான். மேஜைக்கு அடியில் இருந்தவரை அவன் பார்க்கவில்லை.

"ஆர்டிஸ், நேத்து வெர்லாவாப் பேச வேண்டியது என் முறை. பள்ளத்துல கவுந்து கிடந்தேன். உங்கள்ல யாராச்சும் பேசிட்டீங்கதானே?"