சேட்டு சொன்ன சாட்சி

இருபத்தெட்டு நாளாக வினோதன் உத்தமனாக இருந்தார். இன்னும் இரண்டே நாள். ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறி!

நெஞ்செரிவு என்று பொரளைக்குப் போய் டொக்டரிடம் காட்டியதால் வந்த வினை இது. ஒரு மாதத்துக்கு உறைப்பு இல்லை, எண்ணெய் இல்லை, கடைச் சாப்பாடு அறவே இல்லை என்றார் டொக்டர். மனைவி சுபோதினி சத்தியம் வாங்கி அதைச் சட்டமாக்கினாள். மீறாவிட்டால் மாத முடிவில் முருங்கையிலை போட்ட நண்டுக்கறி. மீறினால் இன்னொரு மாதம் கஞ்சி.

அந்த இருபத்தெட்டு நாளும் வீட்டில் எல்லாமே வெள்ளை. இடியப்பம் வெள்ளை, சொதி வெள்ளை, உருளைக்கிழங்குப் பால்கறியும் வெள்ளை. "மஞ்சள் கூடவா வயித்துக்குக் கூடாது?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார். "காரணம் இருக்கு. சாப்பிடுங்கோ" என்றாள் சுபோதினி. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அவள் காரணம் இருக்கிறது என்றால் இருக்கத்தான் செய்யும். வினோதன் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை விதி இன்ஸாப் உருவில் வந்தது. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், வினோதன் கிளார்க்காக இருக்கும் சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு அடுத்த அறைக் கிளார்க் அவர்.

"மச்சான், சந்துக்குள்ள புதுசா ஒரு கடை. ஆட்டுக்குடல் கறி. சும்மா மணந்து பாத்துட்டு வருவம்."

மணந்து பார்க்கத்தான் போனார். ஆறு பராட்டா மணந்தார். ஏழாவதில் குழம்பு தெறித்து, போட்டிருந்த வெள்ளைச் சேட்டின் நெஞ்சுப் பைக்குக் கீழே மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது. ஓடிப்போய்க் கடைச் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தார். சொட்டு போகவில்லை, சிவந்தது! இன்னும் தேய்த்தார். உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்தது.

"லிப்ஸ்டிக் மாதிரி இருக்கே! இதோட வீட்ட போனா நீ முடிஞ்ச மச்சான்" என்றார் இன்ஸாப்.

வினோதன் பதினெட்டு வருடமாகக் கோடு கச்சேரி என்று அலைந்தவர், கள்ளச் சாட்சி எத்தனை பார்த்திருப்பார்! அலுவலகத்துக்கு ஓடி, மேசை லாச்சியிலிருந்து ஒரு சிவப்புப் பேனையை எடுத்து, மூடியைக் கழற்றிவிட்டுப் பைக்குள் குத்தினார். சாட்சி தயார்.

வெள்ளவத்தையில் வீட்டுக் கதவைத் திறந்ததும் சுபோதினியின் கண் நேரே பைக்குக் கீழே போய் நின்றது.

"இதென்னப்பா?"

"பேனை லீக் பண்ணிப்போட்டுது."

"பேனையோ?"

"ஓம், சிவப்புப் பேனை. இஞ்ச பாரும்."

அவள் பேனையைப் பார்க்கவில்லை. புதுவகைப் பூச்சியைக் கண்ட பிள்ளை மாதிரிக் கறையையே பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் வினோதனுக்குப் பயமாக இருந்தது.

"கழட்டித் தாங்கோ. வடிவா ஒருக்கால் பாப்பம்."

குசினிக்குக் கொண்டுபோய், அரைத் தேசிக்காயைக் கறையில் பிழிந்தாள். சிவப்பு, கண்ணெதிரே மஞ்சளானது. வினோதன் வாயைப் பிளந்தார்.

"இப்ப சவர்க்காரத்தைப் பூசுங்கோ."

பூசினார். சிவப்பு. பிழிந்தார். மஞ்சள். பூசினார். சிவப்பு! நண்டை மறந்தார், கஞ்சியை மறந்தார், தான்தான் குற்றவாளி என்பதையும் மறந்தார்.

"சுபோ, எப்பிடியப்பா இது?"

"தேசிக்காய் அமிலம். சவர்க்காரம் மூலம்."

"மூலமோ? எனக்கு நெஞ்செரிவு மட்டுந்தானே!"

"அந்த மூலம் இல்லை. இது அமிலத்துக்கு எதிர்க்கட்சி. நிறம் மாறி, இது அமிலம், இது மூலம் எண்டு சொல்லுற சாமானுக்குப் பேர் காட்டி."

"காட்டிக் குடுக்கிறபடியாலோ?" என்று கேட்டுத் தானே சிரித்தார். சுபோதினியும் சிரித்தாள்.

"அப்ப சிவப்பு மையும் காட்டியோ?"

அவள் அந்தப் பேனையால் சேட்டில் ஒரு கோடு கீறி, அதன்மேல் தேசிக்காயைப் பிழிந்தாள். கோடு அசையாமல் சிவப்பாகவே கிடந்தது.

"அப்ப இந்தக் கறையில இருக்கிறது என்ன?" அறிவுப் பசி அவரை விடவில்லை.

"மஞ்சள் தூள்."

அறிவுப் பசி அடங்கியது.

"ஓ... அப்ப விடிய உம்மட சொதிதான் ஊத்துப்பட்டிருக்கும்."

வீட்டுச் சொதி வெள்ளை என்பதை மறந்து, தப்பினோம் என்று மூச்சு விட்டார். சுபோதினி அலுமாரியிலிருந்து மஞ்சள் போத்தலை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"நீங்கள் சத்தியம் பண்ணின நாளில இருந்து இந்த வீட்டுக்கு மஞ்சள் வாங்கேல்லை. காரணம் இருக்கு எண்டு சொன்னனானெல்லே? இப்ப சொல்லுங்கோ, எந்தக் கடை?"

வினோதன் கடையைச் சொன்னார். பராட்டாக் கணக்கையும் சொன்னார். இருபத்தெட்டு நாள் பொறுத்திருந்து வைத்த பொறி! என்ன மூளை என்று பெருமையாக இருந்தது. அது தனக்கெதிராக வேலை செய்கிறதே என்று அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பைக்கற் மஞ்சள் தூள் வந்தது. நண்டும் வந்தது. மகள் சிவானி நண்டுக்காலை உறிஞ்சுகிற சத்தம் வீடெல்லாம் கேட்டது. வினோதனுக்குக் கஞ்சி வந்தது.

பின்னேரம் ஹோலில் வகுப்பு. கஞ்சிக் கோப்பையோடு கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார். அவருடைய சேட்டு பன்னிரண்டு பிள்ளைகளின் கையில் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது.

"சரி பிள்ளையள், காட்டிக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கோ."

பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"வினோதன் அங்கிள்ட சேட்டு, டீச்சர்!"