மாவடுவும் நாட்டுப் பாதுகாப்பும்

விமானத்தில் தண்ணீர் பாட்டில் கூடாது என்பது பாதுகாப்புக்காக இல்லை, உள்ளே கடை போட்டிருப்பவன் பிழைப்புக்காக. இதுதான் பொழிச்சலூர் சாம்பசிவனின் கட்சி. தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கத்துவார்.

"நூறு மில்லின்னா ஆபத்தில்லையாம், நூத்தியோரு மில்லின்னா ஆபத்தாம்! யார் காதுல பூ சுத்தறான்?"

மனைவி ரமா, சிங்கப்பூரில் இருக்கும் மகள் சுப்ரஜாவைப் பார்க்கக் கிளம்பினாள். பெட்டியில் துணிக்கு மேலாக ஒரு பாட்டில், பேப்பரும் டேப்பும் சுற்றி, மேலே 'மாவடு' என்று எழுதி. பி.பி. என்று டாக்டர் ஊறுகாயை நிறுத்தச் சொன்னதிலிருந்து அவள் அவர் கண்ணில் ஒரு வடுவைக்கூடக் காட்டவில்லை. பாவம், மனுஷனுக்கு நாக்கே செத்துவிட்டது!

ரமா குளிக்கப் போனாள். சாம்பசிவன் பாட்டிலை உருவி அவள் கைப்பைக்குள் திணித்தார். கையில் கொண்டுபோக விடமாட்டான். பாட்டில் என்னோட வீட்டுக்குத் திரும்பித்தானே ஆகணும்?

விமான நிலைய வாசலில் நாடகம் ஆரம்பித்தது.

"பை ஏன் இவ்ளோ கனம்? அடடா, மாவடு! இதை உள்ளே பிடுங்கிப் போட்டுடுவான் ரமா."

"இதெல்லாம் வெறும் வியாபாரம்னு சொல்வீங்களே? நாலு கேள்வி கேட்டுடறேன்."

"ஷ்! நாட்டுப் பாதுகாப்பு விஷயம். விளையாடாதே!"

"நேத்துவரைக்கும் காதுல பூவா இருந்துச்சு?"

"நேத்து வேற. இன்னிக்கு உலகமே கெட்டுக் கிடக்கு."

"சரி, பெட்டியில வச்சுடறேன்."

சாம்பசிவன் பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றினார். "ஐயையோ! நான் மேல ஏறி உட்கார்ந்து பூட்டின பெட்டி. திறந்தா மூடாது!"

ரமா பெருமூச்சு விட்டாள். "பொண்ணுக்குக் கொடுத்து வைக்கல. எடுத்துட்டுப் போங்க. ஆனா தொடக்கூடாது."

"சிவசிவா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீடு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தட்டில் தயிர் சாதம் குழைந்து காத்திருக்க, பேப்பரைப் பரபரவென்று கிழித்தார். உள்ளே எலுமிச்சைச் சாற்றில், ஒரு கல் உப்பில்லாமல், வட்ட வட்டமாக மிதந்தது பாகற்காய்.

போன் அடித்தது.

"பிரிச்சாச்சா? நான் குளிக்கப் போனா உங்க கை சும்மா இருக்காதுன்னு தெரியும். நிஜ மாவடு பெட்டிக்குள்ள, துணிக்கு அடியில போயாச்சு."

"அடிப்பாவி! கட்டின புருஷனுக்கு இதையா வச்சுட்டுப் போவே?"

"பி.பி.க்கு நல்லதுங்க. வயிறார சாப்பிடுங்க. ஃப்ரிட்ஜ்ல இன்னும் ரெண்டு பாட்டில் இருக்கு."