துரையின் சோபாவும் என் இங்கிலீஷும்

அன்று எனக்கு ஒரே வேலை. துறைமுகத்துக்குப் போய், எந்தக் கப்பல் வருகிறது, எது போகிறது என்று கேட்டு எழுதிவந்து பத்திரிகையில் கொடுக்க வேண்டும். மூளைக்கு அதில் வேலை கிடையாது.

உள்ளே நுழைந்ததும் ஏழுமலை எதிரே வந்தார். ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தினக்கூலி. அன்று முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னிக்கு எனக்குப் பரீட்சை சார். கிரேனுக்குக் கை காட்ற வேலை. தேறிட்டா நிரந்தரம். இல்லாங்காட்டி திரும்ப மூட்டைதான்."

"கை காட்டத்தானே? தெரிந்த வேலைதானே?"

"கை தெரியும் சார். போர்மேன் பேசற இங்கிலீசுதான் பேஜாரு. எல்லாத்துக்கும் கெட்டு கெட்டுன்றாரு. மேல ஏறுன்னாலும் கெட்டு, கீழ எறங்குன்னாலும் கெட்டு, ஓடிப்போன்னாலும் கெட்டு. ஒரே கெட்ட வச்சிகினு இன்னா சார் இது?"

இங்கிலீஷில் சந்தேகம் என்று யாராவது கேட்டால் எனக்கு நெஞ்சு விம்மிக் கோட்டு இறுகிவிடும். கப்பல் செய்தியை மறந்தேன். கரையோரத்தில் அவர் நிற்க வேண்டிய இடத்திலேயே பாடத்தை ஆரம்பித்தேன்.

மேலே, கிரேன் கூண்டில் துலுக்காணம் உட்கார்ந்திருந்தார். அந்த இரைச்சலில் காதுக்கு உபயோகமில்லை. கரையோரம் நிற்கிறவரின் கையைப் பார்த்தே கிரேனை ஓட்டுவார். இதைப் பற்றி நானே ஒரு முறை பத்திரிகையில் வியந்து எழுதியிருக்கிறேன்.

எங்கள் முதுகுக்குப் பின்னால், கொக்கியில் ஒரு சோபா. சீமைக்குத் திரும்பும் ஒரு துரையினுடையது. துரையே பக்கத்தில் காவல் நின்றார்.

"கெட் அப். எழுந்திரு," என்று கையை உயர்த்தினேன். பின்னால் ஏதோ கிறீச்சிட்டது.

"கெட் டவுன். இறங்கு." கையைத் தாழ்த்தினேன்.

"இன்னொரு தபா சார்."

உயர்த்தினேன், தாழ்த்தினேன். மாணவருக்குப் பதியும்வரை விடக்கூடாது என்பது என் கொள்கை. சோபா எங்களுக்குப் பின்னால் ஊஞ்சலாடியது எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் வாயிலேயே கவனமாக இருந்தேன்.

"கெட் அப்" என்று மறுபடி தூக்கிய கை மேலேயே இருக்க, அடுத்த பாடத்துக்குத் தாவினேன். "கெட் அக்ராஸ். நாம் சொல்வது அந்தப் பக்கத்து ஆளுக்குப் போய்ச் சேர்வது." கையைக் கடல் பக்கம் வீசிக் காட்டினேன்.

போய்ச் சேர்ந்தது.

"வெறும் கெட் என்றால், கைக்குக் கிடைப்பது." முஷ்டியை மூடினேன். கிரேன்காரருக்கு மூடிய முஷ்டி என்றால் நிறுத்து.

துரை அலறிய பிறகுதான் திரும்பினோம். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே, தண்ணீருக்கு நேர் மேலே சோபா தொங்கியது.

"யோவ் துலுக்காணம், யாரக் கேட்டுத் தூக்கின?" என்று ஏழுமலை கத்தினார்.

அது அவருக்குக் கேட்கவில்லை. நான் பதறி இரண்டு கைகளையும் ஆட்டினேன். அது மட்டும் தெரிந்துவிட்டது. சோபா ஒரே இறக்கமாக இறங்கி, அதன் கால்கள் தண்ணீரில் நனைந்தன.

"கைய ஆட்டாத சார், என் பொழப்பு முழுவுது!"

ஏழுமலை என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துத் தம் அக்குளில் இடுக்கிக்கொண்டார். மிச்சமிருந்த ஒரு கையால் சைகை காட்டி, சோபாவைத் தூக்க வைத்து, திருப்ப வைத்து, கப்பல் தளத்தில் இறக்க வைத்தார். அதுவரை நான் அவர் அக்குளிலேயே இருந்தேன்.

போர்மேன் ஓடிவந்தார். துலுக்காணம் கிரேனை நிறுத்திவிட்டுக் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார்: "கோட்டு போட்ட ஆளு கை காட்னா நான் இன்னா பண்றது நைனா?"

போர்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கெட் ஹிம் அவுட்."

இந்தக் கெட்டுக்கு ஏழுமலை விளக்கம் கேட்கவில்லை. தோளைப் பிடித்து வெளிவாசல் வரை தள்ளிக்கொண்டு போய் விட்டார்.

மறுநாள் பத்திரிகையில் கப்பல் செய்தி வரவில்லை. ஆசிரியர் என்னிடம் தமிழிலேயே பேசினார்.

சாயங்காலம் ஏழுமலை வீட்டு வாசலில் பயந்துகொண்டே நின்றேன்.

"வேலை கெடச்சிடுச்சு சார். ஒரு கைல உன்னைப் புடிச்சிகினு ஒரு கைல கிரேன ஓட்னேன் பாரு, அத்தப் பாத்து போர்மேன் சிரிச்சிட்டாரு. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. வாத்தியாரு இனிமே இந்தப் பக்கம் வரக்கூடாதாம்."

அன்றிலிருந்து இங்கிலீஷ் பேசும்போது நான் கையைக் கட்டிக்கொள்கிறேன். வெள்ளைக்காரன் போயும் இவனுக்கு இங்கிலீஷ்மேல் இருக்கும் மரியாதை போகவில்லை என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள்.