வெரசு அண்ணனும் கருப்பசாமியின் மீசையும்

போடிநாயக்கனூரில் பிறந்தவர்களிலேயே காத்திருக்கத் தெரியாத ஒரே மனிதர் வெரசு அண்ணன்தான். பத்து மாதம் எப்படிப் பொறுத்திருந்தார் என்று கேட்காதீர்கள். ஏழாம் மாதமே வந்துவிட்டதாகத்தான் ஊரில் பேச்சு.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. எதற்கெடுத்தாலும் "வெரசா, வெரசா" என்பார். அதுவே பெயராகிவிட்டது. டீயை ஆற்ற நேரமாகும் என்று பாதி கிளாஸ் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் குடிப்பார். பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மடித்து எழுந்துவிடுவார். தன் கல்யாணத்தில், நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைப்பதற்குள் மூன்று முடிச்சையும் போட்டு முடித்தார். அப்புறம் அடித்த கெட்டிமேளம் யாருக்காக என்று புரியாமல் சொந்தக்காரர்கள் வெறும் இடத்தில் அட்சதை போட்டார்கள்.

தொழில், ஜீப் ஓட்டுவது. காலையில் மலை மேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவார், சாயங்காலம் மூட்டைகளோடு இறங்குவார். ரிப்பேரும் அவரே. அந்த ஜீப்பில் ஸ்டார்ட்டர் கிடையாது. இருந்ததைக் கழற்றி எறிந்திருந்தார். காரணம் கேட்டேன்.

"அது கிர்ர், கிர்ர்னு மூணு தரம் யோசிக்குதுப்பு. சரிவுல உருட்டி விட்டா யோசிக்காம கெளம்பிரும்ல?"

ஆகவே வண்டியைச் சரிவில் மட்டுமே நிறுத்துவார். அவர் வீட்டு வாசல் சமதரை. நான்கு லோடு மண் அடித்து ஒரு மேடு போட்டு, அதன் உச்சியில் ஜீப்பை ஏற்றி வைத்திருந்தார். சரிவு இல்லாத தெருவுக்கு நல்லது கெட்டது எதற்கும் போக மாட்டார். கூடப் பிறந்த தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்கே போகவில்லை. அவள் வாக்கப்பட்ட தெரு அப்படி.

அப்போது நான் ஓர் ஏலக்காய் கமிஷன் மண்டியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எண்பதுகளின் கடைசி. கம்ப்யூட்டருக்கென்று ஏசி ரூம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தேவாரத்தில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. மாமனார் ஆகப்போகிறவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம், "நம்ம மாப்ள கம்ப்யூட்டர்ல இருக்காப்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதாவது, அந்தப் பெட்டி இருந்தால்தான் நான் மாப்பிள்ளை.

பெட்டியோ கிளம்புவதற்கு ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டது.

அதற்குக் காரணம் இருந்தது. புதுக் கணக்கு நோட்டு என்றால் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவோம் இல்லையா? கம்ப்யூட்டருக்கும் போட வேண்டும் என்றார் முதலாளி. நிறுவ வந்த மதுரைக்காரர் ஒரு படி மேலே போய், சுவிட்சைப் போட்டதும் நட்சத்திரப் புள்ளிகளால் முழுப் பிள்ளையாரே திரையில் ஒவ்வொரு புள்ளியாக எழுந்தருளும்படி செய்துவிட்டார். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் தம்பி, "அப்ப முருகன்?" என்றார். முருகன் வந்தார். வியாபாரத் தலம் என்பதால் லட்சுமி வந்தாள். குலதெய்வத்தை விட்டால் குற்றமாகிவிடும் என்று கருப்பசாமியும் வந்தார். கருப்பசாமியின் மீசைக்கு மட்டும் முக்கால் நிமிடம். நான்கு பேரும் வந்து முடிந்த பிறகுதான் எனக்கு வழி.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துப் போடி கரண்ட்டை நீங்கள் அறிய மாட்டீர்கள். ஏலம் நடக்கும் நாளில் பத்து மணிக்குள், யார் சரக்கு எத்தனை மூட்டை, என்ன ரகம் என்ற பட்டியல் அச்சாகி வியாபாரிகள் கையில் இருக்க வேண்டும். கரண்ட் கால் மணி நேரம் வரும், போகும். மறுபடி வரும்போது மறுபடி பிள்ளையாரிலிருந்து ஆரம்பம். சில சமயம் முருகன் பாதியில் இருக்கும்போதே போய்விடும். முதலாளி முகம் வெளிறி, சூடம் கொளுத்தப் போய்விடுவார். மூன்று ஏலத்துக்குப் பட்டியலைக் கையால் எழுதினோம்.

"இங்க பாரு தம்பி," என்றார் முதலாளி. "அடுத்த ஏலத்துக்கும் லிஸ்ட்டு வரலன்னா பெட்டியும் நீயும் மதுர லாரியில ஏறிக்கங்க."

எனக்கு நோய் தெரியும். புரோகிராமில் சாமிக்கு ஒன்றாக இருந்த நான்கு வரியை அழித்தால் போதும். ஆனால் முதலாளியின் சாமிகளை அழிக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாளியோ வேறு வைத்தியம் யோசித்திருந்தார்.

"ஸ்டார்ட்டிங் கோளாறுதான? வெரசைக் கூப்புடு."

ஏலத்துக்கு முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு வெரசு அண்ணன் ஸ்பேனரோடு வந்தார். கால் கழுவிவிட்டு ஏசி ரூமுக்குள் நுழைந்தவர் ஒரு நடுங்கு நடுங்கினார்.

"யாருய்யா இவன்! மலைக்காத்து மாதிரி வச்சிருக்கான். குளிர்ல எந்த இஞ்சின்யா கெளம்பும்? சாக்கக் கொண்டா."

நான் தடுப்பதற்குள் கம்ப்யூட்டருக்கு ஏலக்காய்ச் சாக்கைப் போர்த்திவிட்டார். சுவிட்சைப் போட்டோம். ஒன்பது நிமிடம். அடுத்து மேசையின் பின்கால்கள் இரண்டுக்கும் செங்கல் முட்டுக் கொடுத்துச் சரிவாக்கினார். அப்போதும் ஒன்பது நிமிடம். கீபோர்டு வழுக்கி என் மடியில் விழுந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது முறை, கையைக் கட்டிக்கொண்டு திரையின் முன்னால் நின்றார். அவ்வளவு நேரம் அவர் ஒரே இடத்தில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். பிள்ளையார் வந்தார். "சரி," என்றார் அண்ணன். முருகன் வந்தார். "ம்." லட்சுமி வந்தாள். அண்ணனின் கால் தரையைத் தட்ட ஆரம்பித்தது. கருப்பசாமியின் மீசை வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் தொடங்கியபோது அவரால் தாங்க முடியவில்லை.

"மொதலாளி! இது ஸ்டார்ட்டிங் கோளாறு இல்ல. ஓவர்லோடு!"

"என்னய்யா சொல்ற?"

"எங்க ஜீப்புல எத்தன சாமி இருக்குன்னு தெரியும்ல? ஒம்போது. எல்லாரும் டேஷ்போர்டுல படமா இருக்காக. காலையில நான் கெளம்பயில ஒவ்வொருத்தரையா 'வாங்க சாமி, ஏறுங்க சாமி, மீசைய முறுக்கிக்கங்க சாமி'ன்னு நின்னேன்னா, தோட்டத்துக்குப் போயிச் சேர சாயங்காலமாயிரும். சாமி வண்டியில இருக்கணும் மொதலாளி. ஸ்டார்ட்டிங்ல இருக்கப்படாது."

முதலாளி யோசித்தார். "எடுத்தா சாமி குத்தம் ஆயிறாதா?"

"எடுக்கச் சொல்லல. மேல தூக்கி வைக்கச் சொல்றேன்." என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, இந்தா பக்கத்துல கிடக்குதே, கறகறன்னு அடிக்கிற மெசினு, அதுல சாமி வராதா?"

வரும் என்றேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது. பிரிண்டரில் நான்கு சாமிகளையும் அடித்தோம். முதலாளியே கடைக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மானிட்டர் தலைமேல் வைத்தார். நான் கைகூப்பிவிட்டு நான்கு வரியை அழித்தேன். சுவிட்சைப் போட்டேன். வெரசு அண்ணன் பீடியைக் காதிலிருந்து எடுத்து வாயில் வைப்பதற்குள் பெட்டி கிளம்பிவிட்டது.

"இது வண்டி," என்றார். பாராட்டைக் கேட்க நிற்கவில்லை. மலையில் லோடு காத்திருக்கிறதாம்.

மறுநாள் ஏலம். கரண்ட் மூன்று முறை போனது. மூன்று முறையும் கரண்ட் வந்த மறுநிமிடம் நான் வேலையில் இருந்தேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசித் தாள் பிரிண்டரை விட்டு வெளியே வந்தது, கரண்ட் நான்காவது முறையாகப் போனது. முதலாளி பட்டியலைச் சாமி படத்தின் முன் வைத்து எடுத்தார். லாரியைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அடுத்த மாதம் தேவாரத்தில் என் கல்யாணம். வெரசு அண்ணனுக்குப் பத்திரிகை கொடுத்தேனே தவிர, எதிர்பார்க்கவில்லை. மண்டபத்தைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் சமமான வயல்காடு. ஒரு தேங்காயை வைத்தால்கூட உருளாது.

வந்தார். தாலி கட்டும் வரை உட்கார்ந்திருந்தார். நான் அவசரப்பட்டு முடிச்சில் கை வைத்தபோது, "இரு மாப்ளே, மேளம் வரட்டும்" என்று கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தவர் அவர்தான். முதல் பந்தியில் பாயசம் வரும்வரை இருந்து, இன்னொரு கரண்டி வாங்கிக் குடித்தார்.

பிறகு வாசலில் போய் நின்று தலையைச் சொறிந்தார். ஜீப் சமதரையில் நின்றது. எனக்காக அவர் அதைச் சமதரையில் நிறுத்தியிருந்தார். மாமனார், மச்சினன், முதலாளி எல்லோரும் தள்ளினார்கள். நானும் பட்டுவேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கழுத்து மாலையோடு ஓடிப்போய் தோள் கொடுத்தேன். அது சீக்கிரம் கிளம்பவே கூடாது என்று இருந்தது எனக்கு.