தர்மலிங்கம் பஸ் ஏறுகிறார்

“அண்ணை, ஏறுங்கோ!”

கார்க் கண்ணாடி இறங்கியதுமே தர்மலிங்கம் ஓரடி பின்வாங்கினார். உள்ளே பக்கத்து வீட்டு இளங்கோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“இல்லைத் தம்பி, நான் பஸ்ஸுக்கு நிக்கிறன்.”

“நான் வெறுங்காரோட போக நீங்கள் பஸ்ஸிலையோ? மகளின்ர சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் பிந்திச் சொன்னனான் எண்டு இன்னும் கோவமோ?”

இதற்கு மேலும் மறுத்தால் இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சு நின்றுவிடும். ஏறினார். திரும்பிப் பார்த்தபோது, அவர் காத்திருந்த பஸ் ஆளில்லாத தரிப்பைக் கடந்து வந்துகொண்டிருந்தது.

ஹவுகன்ஸ்டுவா மேட்டுக் குடியிருப்புக்கு அந்தச் சின்ன மின்சார பஸ்ஸைக் கொண்டுவந்ததே அவர்தான். நகரசபைக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் போய், தனக்குத் தெரிந்த நோர்வேஜியச் சொற்களையெல்லாம் அள்ளி எறிந்து வாங்கிய பஸ். ஆனால் இப்போதைக்கு வெறும் பரீட்சார்த்த ஓட்டம். ஏறுகிறவர்களைக் கதவில் உள்ள மெசின் எண்ணும். மாதம் முடிய ஆள் போதாவிட்டால் பஸ் நின்றுவிடும்.

கண் டொக்டர் அவருடைய லைசென்ஸைப் பறித்தாயிற்று. பஸ்ஸும் போனால் கடைக்கும் கோயிலுக்கும் ஆரையாவது கெஞ்ச வேண்டும். அந்த நினைப்பே அவருக்குத் தாங்கவில்லை. விடுவதில்லை என்று முடிவெடுத்தார்.

மறுநாள் தொப்பியைக் கண்வரை இழுத்து, சால்வையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். அதே குடியிருப்பில் இருக்கும் ஹம்சிகாவின் கார் கிறீச்சிட்டு நின்றது.

“ஐயோ மாமா, முகத்தை மூடிக்கொண்டு நிக்கிறியள்! சுகமில்லையோ? ஏறுங்கோ, லேகவக்துக்கு விடுறன்.”

அந்த அவசர சிகிச்சை நிலையத்தின் வாசல்வரை போய்த்தான் தப்பினார்.

பின்னேரமே செய்தி வாட்ஸ்அப்பில் பறந்தது: தர்மலிங்கம் அண்ணையின் உடம்புக்குக் கடும் வருத்தம், பாவம், குளிருக்குள் நிற்கிறார். அடுத்த நாளிலிருந்து முறைவைத்துக் கார்கள் வரத் தொடங்கின. வந்தவர்கள் வெறும் இருக்கைகளோடு திரும்ப மனமில்லாமல், தரிப்பில் நின்ற கனகம்மாவையும் சிறிதேவியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

“நீங்கள் சும்மா இருந்திருந்தால் அந்த ரெண்டு பேராவது ஏறியிருப்பினம்,” என்றாள் மனைவி கமலாதேவி.

தர்மலிங்கம் பல்லைக் கடித்தார். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் மைக்கைப் பிடித்தார்.

“நாளைக்குத்தான் எண்ணுற கடைசி நாள். எனக்கு உதவி செய்ய விருப்பமெண்டால் தயவு செய்து என்னை ஏத்தாதேங்கோ. என்னோட வந்து ஏறுங்கோ!”

சனம் வந்தது. காரில் வந்தது. பஸ் நிற்க வேண்டிய இடத்திலேயே காரை வரிசையாக விட்டது.

“எடுங்கோ! எல்லாத்தையும் எடுங்கோ!”

அவர் கத்திக் கலைத்து முடிய மழை பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இளங்கோ பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றினான். ஹம்சிகா ரோல்ஸ் நீட்டினாள். இவ்வளவு நாளும் இந்தச் சனத்தைத் திட்டினேனே என்று தர்மலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

“வருது! வருது!”

பஸ் நின்று கதவு திறந்ததுதான் தாமதம், எல்லோரும் அடித்துப் பிடித்து ஏறினார்கள். தரிப்பில் ஒருவரும் மிச்சமில்லை. சாரதியாசனத்தில் இருந்தவன் கோயிலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிற சயூரன். பஸ் நகர்ந்ததும் தர்மலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவனருகே போனார்.

“தம்பி, மெசின் எங்கள் எல்லாரையும் எண்ணீட்டுதோ?”

சயூரன் கண்ணாடியில் பின்னால் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

“எண்ணுற பஸ் பின்னால வெறுமையா வருது அண்ணை. இது வேற பஸ், நான் ஓட்டம் முடிச்சு டிப்போவுக்குப் போறன், ஆனா மழைக்குள்ள நீங்கள் நிக்கிறதைக் கண்டிட்டு எப்பிடி ஏத்தாமல் போறது?”